நாலு பேரோடு பேய்ப்படம் பார்த்துவிட்டு ‘பயமே வரலை’ என்பவர்களுக்கு

பேய்ப்படத்தைத் தனியாகப் பார்க்கப் பயம். அதனால் நாலு பேரைக் கூப்பிடுகிறோம். நாலு பேர் சேர்ந்ததும் பரோட்டா பார்சல் வருகிறது, கலாய்ப்பு தொடங்குகிறது, ட்யூப்லைட்டை யாரும் அணைப்பதில்லை. படம் முடிந்ததும், “பயமே வரலையே மச்சான், ஓவர் பில்டப்” என்று தீர்ப்பு. பயம் வராமலிருக்க எல்லா ஏற்பாட்டையும் நாமே செய்துவிட்டுப் பழியை இயக்குநர் தலையில் போடுவது என்ன நியாயம்?

ஜப்பான், கொரியா, தாய்லாந்து, ஹாங்காங் படங்களையும், அனிமே என்கிற ஜப்பானிய அனிமேஷனையும் கூட்டமாகப் பார்த்து அலசுகிற நண்பர் குழுக்களுக்குச் சென்னையில் குறைவில்லை. சிலர் மொட்டை மாடியிலேயே பேசி முடித்துவிடுவார்கள். சிலர் மைக் வைத்துப் பதிவு செய்வார்கள். எப்படியானாலும் விமர்சனத்தில் தெரியும் தவறுகளில் பாதி, யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே, படம் ஓடும்போதே நடந்து முடிந்துவிடுகிறது.

முதல் பிரச்சினை சத்தம். 2002ல் வந்த ஜப்பானியப் படமான ‘ஜு-ஆன்’ படத்தில் பேயின் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு ஒலி வருமே, அது இயக்குநர் தகாஷி ஷிமிசு தன் சொந்தக் குரலில் எழுப்பியது. பாதிப் பயம் அந்த ஒலியில்தான் இருக்கிறது. 1964ன் ஜப்பானியப் பேய்க்கதைப் படம் ‘க்வைதான்’னுக்கு இசையமைத்த டோரு டகேமிட்சு, பல இடங்களில் இசையையே எடுத்துவிட்டு வெறும் அமைதியையும், மரம் பிளக்கிற மாதிரியான ஓசையையும் வைத்து மிரட்டுவார். இதையெல்லாம் லேப்டாப் ஸ்பீக்கரில், ஐந்தாம் நம்பரில் சுற்றும் ஃபேனுக்கு அடியில், அடுத்த போர்ஷன் குக்கர் விசிலோடு கேட்டால் என்ன மிஞ்சும்? ஃபேனை நிறுத்த முடியாத மே மாதத்தில் அனிமே போடுங்கள். திகில் படங்களை மார்கழிக்குத் தள்ளிவையுங்கள்.

அடுத்தது, ஏற்கெனவே படம் பார்த்த நண்பர். “இப்ப பாரு, இப்ப பாரு” என்று முழங்கையால் இடிப்பவர். மற்ற படங்களில் இவர் வெறும் தொல்லை, திகில் படத்தில் விமர்சனத்தையே கெடுப்பவர். ஜப்பானிய இயக்குநர் தகாஷி மீகேவின் ‘ஆடிஷன்’ 1999ல் வந்தது. அதன் முதல் பகுதி, மனைவியை இழந்த ஒருவர் மறுமணத்துக்குப் பெண் தேடும் சாதுவான குடும்பக் கதை. அந்தச் சாதுத்தனத்தை நம்பி உட்கார்ந்திருந்தால்தான் பின்பாதி வேலை செய்யும். “பொறு, இனிமேதான் இருக்கு” என்று ஒருவர் சொல்லிவிட்டாலே போச்சு. மற்றவர்கள் அதற்கப்புறம் படத்தைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பிறகு “ஸ்லோ” என்று எழுதுகிறார்கள். ஆனால் ரத்தமும் சித்திரவதையும் ஒத்துக்கொள்ளாத நண்பர் இருந்தால், அவரிடம் மட்டும் தனியாக முன்பே சொல்லிவிட வேண்டும். அது ஸ்பாய்லர் கணக்கில் வராது.

எந்தப் பதிப்பைப் பார்க்கிறோம் என்று கேட்காமல் உட்காருவதும் வழக்கமான தவறு. 2002ன் ஹாங்காங் படம் ‘இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்’ சீனப் பெருநிலத்துக்கு என்று வேறு முடிவோடு போனது. ஒருவர் இதையும் இன்னொருவர் அதையும் பார்த்துவிட்டு முடிவைப் பற்றிச் சண்டை போட்டால் விடிய விடிய போடலாம். 1954ன் ‘காட்ஸில்லா’, அதே ஆண்டு பிகினி தீவில் நடந்த அமெரிக்க அணுகுண்டுச் சோதனையில் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகு சிக்கிய ரணம் ஆறுவதற்குள் வந்த துயரப் படம். 1956ல் அமெரிக்காவில் வெளியிடும்போது, ஒரு அமெரிக்க நிருபர் பாத்திரத்தைப் புதிதாகப் படம்பிடித்து நடுவில் செருகினார்கள். அதைப் பார்த்துவிட்டு, மூலத்தை இயக்கிய இஷிரோ ஹோண்டாவின் படத்துக்கு விமர்சனம் எழுதக் கூடாது. டப்பிங்கிலும் இதே கதைதான். தமிழ் டப்பிங்கை நான் குறை சொல்ல மாட்டேன், அது ஒரு தனிக் கலை. ஆனால் நம்மூர் எழுத்தாளர் சேர்த்த பஞ்ச் வசனத்தை ஜப்பானிய இயக்குநர் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

என் கண்ணுக்கு இதையெல்லாம்விடப் பெரிய தவறு, கடன் வாங்கிய கண்ணால் பார்ப்பது. அமெரிக்க யூடியூபர் ஒருவர் எதையெல்லாம் பார்த்து “விசித்திரம்” என்று வியந்தாரோ, அதையே நாமும் வியக்கிறோம். கொரிய இயக்குநர் நா ஹொங்-ஜின்னின் ‘தி வெய்லிங்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2016ல் வந்தது, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதில் ஒரு பூசாரி பறை அதிர, பலி கொடுத்து, ஆவேசமாக ஆடி ஒரு பெண்குழந்தையைப் பிடித்த நோயை விரட்டப் பார்ப்பார். மாசியில் மயானக் கொள்ளை ஊர்வலம் போகிற ஊரில், பம்பையும் உடுக்கையும் கேட்டு வளர்ந்தவருக்கு அந்தக் காட்சியில் விசித்திரம் என்ன இருக்கிறது? தாளம் ஏற ஏற எந்த இடத்தில் ஆட்டம் மாறுகிறது, சாமி வந்தது நிஜமா நடிப்பா என்று நமக்குச் சந்தேகம் எழும் இடம் எது என்று நம்மால் சொல்ல முடியும். அந்தப் படத்தின் முடிச்சே அந்தச் சந்தேகத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்லாமல், வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோவில் உட்கார்ந்து, முடிவை விளக்கும் வீடியோ பார்த்து மறுநாள் அதையே ஒப்பிப்பது வீண் வேலை. அந்த முடிவை வேண்டுமென்றே திறந்து விட்டிருக்கிறார்கள். விளக்க வீடியோ அதை மூடிவிடும்.

தாய்லாந்தின் ‘நாங் நாக்’ படமும் அப்படித்தான். கணவன் போருக்குப் போயிருக்க, பிரசவத்தில் செத்துப்போன பெண் அவனுக்காகக் காத்திருக்கும் கதை. மே நாக் என்று அழைக்கப்படும் அந்தப் பெண்ணுக்குப் பாங்காக்கில் இன்றும் ஒரு சந்நிதி உண்டு, மக்கள் வேண்டிக்கொண்டு போகிறார்கள். கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நட்ட ஊர்க்காரர்களுக்கு இது அந்நியமா? அரக்கோணம் ரயிலில் போனால் வரும் திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில், கட்டியவன் கையால் செத்துப் பேயாக வந்து பழி தீர்த்த பழையனூர் நீலி இருக்கிறாள்.

ஆனால் இங்கே ஒரு எதிர்க்குழியும் உண்டு. “எல்லாம் நம்ம கதைதான்” என்று விழுந்துவிடுவது. நம் பேய்ப்படங்களில் பேய்க்கு ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கும், வில்லன் இருப்பான், பழி தீர்ந்ததும் பேய் சாந்தியாகும். ‘காஞ்சனா’ வரைக்கும் அதுதான் ஓட்டம். ‘ஜு-ஆன்’ அப்படி இல்லை. கடும் ஆத்திரத்தோடு ஒருவர் சாகிற இடத்தில் சாபம் தங்கிவிடும், அந்த வீட்டுப் படியேறியவரை எல்லாம் பிடித்துக்கொள்ளும், குற்றவாளியா அப்பாவியா என்று பார்க்காது. அதைப் பார்த்துவிட்டு “செகண்ட் ஹாஃப்ல பழிவாங்குற சீனே இல்லையே” என்று மார்க் குறைப்பவர்கள் இருக்கிறார்கள். நியாயம் கிடைக்காது என்பதுதான் அங்கே பயமே.

காப்பிப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. 2020ல் கொரியப் படம் ‘பாராசைட்’ ஆஸ்கர் வாங்கியதும் “இது மின்சார கண்ணா” என்று இங்கே ஊரே பேசியது. ஒரு ஜோக்காகச் சொல்லிச் சிரிக்கலாம், பத்து நிமிடம் அதையே பேசினால் படம் காணாமல் போய்விடும். உண்மையிலேயே ரீமேக் இருக்கும் இடத்தில் ஒப்பிட்டால் நிறைய கிடைக்கும்: 2004ன் தாய் படம் ‘ஷட்டர்’, 2007ல் தமிழில் ‘சிவி’யாக வந்தது. ஒரே காட்சியை இரண்டிலும் போட்டுப் பார்த்து, எங்கே பாட்டு நுழைந்தது, பேயை எவ்வளவு சீக்கிரம் காட்டினார்கள் என்று பேசுங்கள்.

அனிமே என்றால் குழந்தைகள் சமாச்சாரம் என்ற நினைப்பு நம்மில் பலருக்குத் தமிழ் பேசிய ஷின்சானிலிருந்து வந்தது. அந்த ஷின்சானே 1990ல் ஜப்பானில் பெரியவர்கள் படிக்கும் வார இதழில் தொடங்கிய காமிக்ஸ்தான். சதோஷி கோனின் ‘பர்ஃபெக்ட் புளூ’ பெரியவர்களுக்கான அனிமே, அதைக் குழந்தை இருக்கும் வீட்டில் போட்டுவிடாதீர்கள். இதற்கு நேர்மாறான தவறு 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ தமிழிலும் வந்தபோது நடந்தது. தொடரைப் பார்க்காதவர்கள் போய் உட்கார்ந்துவிட்டு “கதையே புரியலை” என்றார்கள். அது நீண்ட தொடரின் தொடர்ச்சி, மூன்று படங்களில் முதலாவது. புரியாததைக் குறையாகச் சொல்ல அங்கே இடமில்லை. அப்புறம், கிப்லி என்ற ஜப்பானிய அனிமே ஸ்டூடியோவின் படம் என்றால் எல்லாமே இயக்குநர் மியாசாகி எடுத்தது இல்லை.

பழைய படங்களின் தந்திரக் காட்சிகளைப் பார்த்து “கிராஃபிக்ஸ் மொக்கை” என்று தள்ளுவதையும் விட்டுவிடலாம். 1977ன் ஜப்பானியப் படம் ‘ஹவுஸ்’ஸில் பியானோ ஒரு பெண்ணைத் தின்னும். இயக்குநர் ஒபயாஷி தன் சின்ன மகளிடம் கேட்டு வாங்கிய பயங்கள் அந்தப் படத்தில் இருக்கின்றன, போலித்தனத்தை வேண்டுமென்றேதான் வைத்தார். ஜப்பானியப் பேய்ப்படம் ‘ரிங்கு’வில் வரும் பேய் சடாகோவின் நடை ஏன் அப்படி உறுத்துகிறது? நடிகையைப் பின்னோக்கி நடக்கவிட்டுப் படம்பிடித்து, அதைக் கடைசியிலிருந்து முன்னுக்கு ஓட்டினார்கள். அதனால் அவள் முன்னால் வந்தாலும் உடல் எடை தப்பான காலில் விழுகிறது. இந்தத் தகவல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. “அந்த நடையில் ஏதோ தப்பு, தோள் முதலில் வருகிறது” என்று கண்ணால் பார்த்ததைச் சொன்னாலே, “செம கிரீப்பி” என்பதைவிட நூறு மடங்கு மேல்.

பேச்சுக்கு வருவோம். படம் முடிந்த கையோடு சத்தமாகப் பேசுபவர் என்ன சொல்கிறாரோ அதுவே குழுவின் கருத்தாகிவிடும். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இதைத் தடுக்க எனக்குத் தெரிந்து ஒரே வழி, பேசுவதற்கு முன் ஆளுக்கு இரண்டு வரி போனில் எழுதிக்கொள்வது: எந்தக் காட்சி நின்றது, எங்கே மனம் விலகியது. படத்தைத் தேர்ந்தெடுத்தவர் கடைசியாகப் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அவர் மனம் நோகக் கூடாதென்று பூசி மெழுகுவார்கள், இல்லாவிட்டால் வம்புக்கென்றே குத்துவார்கள். பத்துக்கு எத்தனை என்ற மதிப்பெண் வேண்டவே வேண்டாம். ஒருவர் எட்டும் இன்னொருவர் மூன்றும் போட்டால் நடுவில் ஐந்தரை என்று அறிவிப்பது சுத்தப் பொய், அந்த அறையில் ஐந்தரை என்று நினைத்த ஆளே இல்லை. எட்டும் மூன்றும் ஏன் என்பதைப் பதிவு செய்யுங்கள்.

இரட்டைப் படம் போடுகிறவர்கள் வரிசையைக் கவனிக்க வேண்டும். 1988 ஏப்ரலில் இசாவோ தகாஹதாவின் ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’, மியாசாகியின் ‘மை நெய்பர் டோட்டோரோ’ இரண்டையும் ஜப்பானில் ஒன்றாகவே வெளியிட்டார்கள். முதலாவது, போரில் அநாதையான அண்ணன் தங்கையின் கதை. இரண்டாவது, காட்டில் பெரிய ரோமப் பிராணியோடு குழந்தைகள் விளையாடும் கதை. நீங்கள் போடுவதானால் போர்ப் படம் முதலில், டோட்டோரோ பின்னால். மாற்றிப் போட்டீர்களானால் அன்றைக்கு மைக்கை எடுக்கவே வேண்டாம், பதிவை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.