கூடுதலாகப் போன சம்பளத்தைத் திரும்பப் பெற்றது எப்படி

உள்ளாட்சி அலுவலகம் ஒன்றில் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை. முழுநேரத்திலிருந்து பகுதிநேரத்துக்கு மாறிய ஊழியர் ஒருவருக்கு 7 மாதமாகப் பழைய சம்பளமே போயிருந்தது. மாறுதல் உத்தரவு வந்தும் கணினியில் யாரும் பதியவில்லை. தவறு எங்கள் பக்கம்தான்.

அடுத்த மாதமே மொத்தமாகப் பிடித்துவிடலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்தச் சம்பளத்தை நம்பித்தானே அவர் குடும்பம் நடக்கிறது? பொதுப்பணம், விட்டுவிடவும் முடியாது.

முதலில் மாதவாரியாக அட்டவணை போட்டேன்: கொடுத்திருக்க வேண்டியது, கொடுத்தது, வித்தியாசம். இதில்தான் அதிக நேரம் போனது. பிடித்தங்களுக்கு முந்தைய வித்தியாசத்தை அப்படியே கேட்டால், அவர் கைக்கு வராத பணத்தையும் கேட்பதாகிவிடும். வரியும் ஓய்வூதியச் சந்தாவும் அதிலிருந்துதான் போயிருக்கின்றன. 3 மாதங்கள் முந்தைய வரி ஆண்டில் விழுந்ததால் அவற்றுக்குத் தனிக் கணக்கு.

அப்புறம் அவரை நேரில் அழைத்து, அட்டவணையைக் கையில் கொடுத்துப் பேசினேன். ஒரு மாதம் கூடுதல் நேரம் வேலை பார்த்ததற்கான பணம் விட்டுப்போயிருந்ததை அவரே காட்டினார். சரிபார்த்தேன், உண்மைதான்; தொகை குறைந்தது. 14 தவணை என்று முடிவாகி, எழுத்தில் சம்மதம் வாங்கினோம். இடையில் வேலையை விட்டால் மீதியை எப்படிச் செலுத்துவது என்பதையும் அதிலேயே எழுதினோம்.

இப்போது பணிநிலை மாறிய ஒவ்வொருவரின் கணக்கையும், சம்பளம் போகும் முன்பே மாறுதல் உத்தரவோடு இன்னொருவர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்.