சிபேப் போட்டும் இரவில் வியர்க்கிறதா? நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

விடியற்காலை 3 மணி இருக்கும். தூக்கத்தில் கையை நீட்டினேன், மெத்தை விரிப்பு நனைந்திருந்தது. என் கணவரின் முதுகில் பனியன் ஒட்டிக் கிடந்தது. தூக்கத்தில் மூச்சுப்பாதை மூடாதபடி காற்றை அழுத்தத்தோடு ஊதும் சிபேப் மெஷினின் மாஸ்க் முகத்தில் இல்லை. அது தலையணைக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து, யாருக்கும் பயனில்லாமல் காற்றை ஊதிக்கொண்டிருந்தது. "வேர்க்குது, மூச்சு முட்டுது, அதான் எடுத்துட்டேன்" என்றார், கண்ணைத் திறக்காமலே. அந்த வாரத்தில் அது நான்காவது இரவு.

நாங்கள் இருப்பது மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். ஒரு காலத்தில் பால்மரமாக இருந்து இப்போது செம்பனையாகிவிட்ட தோட்டங்களுக்கு நடுவில் ஒரு தாமான், அதாவது வீட்டுக் குடியிருப்பு. வெயில் காலத்தில் இரவு பத்து மணிக்கும் அறைச்சுவரைத் தொட்டால் கதகதவென்று இருக்கும். அதனால் இங்கே யாரிடமாவது "ராத்திரியில் வியர்க்கிறது" என்று சொன்னால், "நம்ம ஊர்ல யாருக்குத்தான் வேர்க்கல?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். அதில் பல மாதங்கள் வீணாகிவிட்டன. எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு வீடுகளில் சிபேப் மெஷின் வந்துவிட்டது. அவர்களுக்கும் அந்த மாதங்கள் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏன் வியர்க்கிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்லீப் அப்னியா என்ற மூச்சுத்தடை நோயில் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. குறைந்தது 10 விநாடி மூச்சு தடைப்பட்டால் அதை ஒரு தடவை என்று கணக்கிடுவார்கள். மணிக்கு 5 தடவைக்குக் குறைவு என்றால் கவலையில்லை, 30-ஐத் தாண்டினால் கடுமையான நிலை. என் கணவருக்குத் தூக்கச் சோதனையில் வந்த எண் 42. அதாவது ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை அவர் மூச்சுக்குப் போராடியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, உடம்பு ஆபத்து என்று நினைத்து அட்ரினலினைச் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது, ரத்தக் கொதிப்பு ஏறுகிறது, வியர்வை கொட்டுகிறது. படுத்தபடியே இரவு முழுக்க ஓடுகிற மாதிரிதான்.

இதற்கும் வெயிலுக்கும் சம்பந்தமில்லை என்பதற்கு நல்ல சாட்சி ஐஸ்லாந்து. அந்தக் குளிர் நாட்டில் 800-க்கும் மேற்பட்ட அப்னியா நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-இல் வெளிவந்தது. வாரத்தில் மூன்று இரவாவது வியர்க்கிறது என்றவர்கள் அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பொதுமக்களில் அது பத்தில் ஒருவர் அளவுதான். மெஷினை முழுமையாகப் பயன்படுத்தியவர்களிடம் 33 விழுக்காட்டிலிருந்து 11.5 விழுக்காடாக இறங்கியது. பனி பெய்யும் ஊரிலேயே இப்படியென்றால், நாம் காத்தாடியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

வியர்க்கிறது என்று மாஸ்க்கைக் கழற்றுவது

எல்லாத் தவறுகளிலும் பெரியது இதுதான். வியர்க்கிறது, அதனால் கழற்றுகிறோம். கழற்றியதும் மூச்சுப்பாதை மூடுகிறது. மூடியதும் இன்னும் வியர்க்கிறது. காலையில் எழுந்து, "மெஷினால்தான் இப்படி வேர்க்குது" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கனவு காணும் தூக்கம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம். அப்போது தசைகள் இன்னும் தளர்ந்திருக்கும். பலருக்கு மூச்சுத்தடை மோசமாக இருப்பதும் அந்த நேரத்தில்தான். 2 மணிக்குக் கழற்றிவிட்டால் மிக ஆபத்தான மணிநேரங்களில் மாஸ்க் இல்லாமல் கிடக்கிறோம் என்று பொருள். "ஒரு நாளைக்கு 4 மணி நேரம் போட்டால் போதுமாமே" என்று சிலர் கேட்கிறார்கள். நோயாளி மெஷினைப் பயன்படுத்துகிறாரா என்று பார்க்க மருத்துவமனைகள் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு அது. தூங்கும் நேரம் முழுக்க மாஸ்க் இருக்க வேண்டும். மதியம் கண் அயர்ந்தாலும்தான்.

என் கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். சரியாகத் தூங்காமல் அந்தச் செம்மண் பாதையில் இறங்கும் ஆளை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும். அதனால் சண்டை போட்டுப் பார்த்தேன், பலிக்கவில்லை. அப்புறம் வேறு வழி பிடித்தோம். மாலையில் செய்தி பார்க்கும்போதே அரை மணி நேரம் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னேன். முகத்துக்கு அது பழகிப்போனது. காத்தாடியைக் காலுக்கும் வயிற்றுக்கும் காற்று படும்படி திருப்பினோம். பாலியெஸ்டர் போர்வையைத் தூக்கிப்போட்டுப் பழைய கைலியைக் கொடுத்தேன்.

ஈரப்பதமூட்டியையும் பார்க்க வேண்டும். காற்றில் ஈரமும் சூடும் சேர்க்கும் அந்தத் தண்ணீர்த் தொட்டியின் ஈர அளவு வாங்கியபோதே 5-இல் இருந்தது. குளிர் நாட்டுக்கு அது சரி, எங்கள் ஊர்க் காற்றே ஈரத்துணி மாதிரி. 2-க்கு இறக்கினோம், சூடாகும் குழாயை நிறுத்தினோம். மூக்கு காயாத அளவில் ஈரம் இருந்தால் போதும். இதை நாமே மாற்றிப் பார்க்கலாம். ஆனால் காற்றழுத்தத்தை மட்டும் சொந்தமாக மாற்றவே கூடாது. அது மருத்துவர் அளந்து வைத்த எண்.

எண்ணெய் முகமும் இறுக்கிய பட்டையும்

மெஷின் ஓடுகிறது, குறட்டையும் குறைந்துவிட்டது, அப்படியென்றால் எல்லாம் சரி என்று நினைப்பது அடுத்த தவறு. மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்தால் உள்ளே போய்ச்சேரும் அழுத்தம் போதாது. மூச்சு பாதி அடைபட்டு, வியர்வை திரும்பிவிடும்.

ஒரு நாள் காலையில் மாஸ்க் ஓரத்தில் முகத்தோடு ஒட்டும் சிலிக்கோன் மெத்தையைக் கழற்றிக் கையில் எடுத்தேன். கறிச்சட்டியின் ஓரத்தில் படிவதுபோல் மஞ்சளாய் ஒரு வழவழப்பு. விரலால் தேய்த்தால் நூலாக வந்தது. இரவு தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய், நெற்றி வியர்வை, குளித்துவிட்டுப் பூசிய பவுடர் எல்லாம் சேர்ந்து உருண்டிருந்தன. இந்த முகத்தில் எந்த மாஸ்க்தான் நிற்கும்? அது வழுக்கும், அவர் பட்டையை இன்னும் இறுக்குவார், இறுக்க இறுக்க மெத்தை கோணிக்கொண்டு இன்னும் கசியும். மூக்குத் தண்டில் சிவப்பாய்த் தடம் விழுந்ததுதான் மிச்சம்.

படுக்கும் முன் சோப்பு போட்டு முகம் கழுவுங்கள். எண்ணெய், பவுடர், கிரீம் எதுவும் வேண்டாம். தலைக்கு எண்ணெய் வைத்தே ஆகவேண்டும் என்றால் காலையில் வையுங்கள். இரண்டு நாள் தாடியும் கசிவுக்குக் காரணமாகும். மெத்தையைத் தினமும் மென்மையான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள், வெயிலில் போட்டால் சீக்கிரம் கெட்டுவிடும். பட்டையைப் படுத்த நிலையில், மெஷின் ஓடும்போது சரிசெய்யுங்கள். உட்கார்ந்து இறுக்கினால் படுத்ததும் முகத்தின் வடிவம் மாறிவிடும். நான் என் மாமியாரின் பழைய பருத்திச் சேலையில் ஒரு வளையம் வெட்டி, மாஸ்க்குக்கும் தோலுக்கும் நடுவில் வைத்தேன். மூச்சு வெளியேறும் சிறு துளைகளை அது மறைக்காமல் பார்த்துக்கொண்டேன். மறுநாள் திரையில் கசிவு குறைந்திருந்தது.

கொசுவர்த்திச் சுருளையும் சாம்பிராணியையும் அறையை விட்டு வெளியே வையுங்கள். மெஷின் அந்த அறைக் காற்றைத்தான் இழுத்து நுரையீரலுக்குள் அனுப்புகிறது. கொசுவலை கட்டினால் போதும்.

குடியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சம்சு சாராயமோ பீரோ, "ஒரு கிளாஸ் போட்டால் நல்லா தூக்கம் வரும்" என்ற நம்பிக்கை தோட்டத்தில் இன்னும் போகவில்லை. மது தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும், சில மணி நேரம் கழித்துத் தானே வியர்வையையும் கிளப்பும். மருத்துவரைக் கேட்காமல் தூக்க மாத்திரை போடுவதும் ஆபத்துதான்.

எல்லா வியர்வையையும் அப்னியாவின் கணக்கில் எழுதுவது

இந்தத் தவறுதான் எங்களை உண்மையில் பயமுறுத்தியது.

கசிவு நின்றது, மாஸ்க் விடியும்வரை முகத்தில் இருந்தது, திரையில் மூச்சுத்தடை மணிக்கு 3-க்கும் கீழே வந்துவிட்டது. இரண்டு மாதம் நிம்மதி. பிறகு ஒரு நாள் மறுபடி 3 மணிக்கு நனைந்த பனியன். நான் பழையபடி மாஸ்க்கைக் குடைய ஆரம்பித்தேன். தாதியாக வேலை செய்யும் என் நாத்தனார்தான் தடுத்தாள். "அண்ணி, மெஷின் சரியாத்தான் இருக்கு. அண்ணனுக்கு இனிப்புநீர் இருக்குல்ல? மூணு மணிக்கு விரலைக் குத்திப் பாருங்க."

அன்றிரவு பார்த்தேன். ரத்தச் சர்க்கரை 3.1 மில்லிமோல் காட்டியது. 4-க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்தேன், ஏறியிருந்தது. இரண்டு பிஸ்கட்டும் சாப்பிட வைத்தேன். (ஆள் நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 999-ஐ அழைக்க வேண்டும்.)

நடந்தது இதுதான். எடை குறைந்தால் அப்னியாவும் குறையும் என்று சொன்னதால் அவர் இரவுச் சோற்றை நிறுத்தியிருந்தார். நல்ல காரியம்தான். ஆனால் சர்க்கரையை இறக்கும் கிளிக்லசைட் மாத்திரையைப் பழைய அளவிலேயே விழுங்கிக்கொண்டிருந்தார். சோறு குறைந்ததை யாரும் மருத்துவரிடம் சொல்லவில்லை. இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. ரத்தக் கொதிப்புக்கு அவர் சாப்பிடும் மெட்டோப்ரோலோல் வகை மாத்திரைகள், சர்க்கரை இறங்கும்போது வரும் கை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. அவர் உடம்பு சொல்லக்கூடிய முக்கியமான அறிகுறி அதுதான், அதையும் நாங்கள் மெஷின் தலையில் கட்டிக்கொண்டிருந்தோம். மருத்துவர் மாத்திரை அளவைக் குறைத்தார். நீங்களாகக் குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். போய்ச் சொல்லுங்கள்.

மற்றக் காரணங்களும் இருக்கின்றன. வியர்வையோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை இறங்குவது இருந்தால் காசநோய்க்குச் சோதிக்க வேண்டும். லயங்களிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் நெருக்கமாக வாழ்கிறவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. காசநோய் குணமாகும் நோய், ஆனால் மருந்தைப் பொதுவாகக் குறைந்தது 6 மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். கழுத்திலோ அக்குளிலோ கட்டி தெரிந்தாலும் காட்டுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வியர்க்கும். செர்ட்ராலின் போன்ற மன அழுத்த மாத்திரைகளாலும் வியர்க்கும். நெஞ்சுவலியோடு குளிர்ந்த வியர்வை வந்தால் விடியும்வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஐம்பது வயதை ஒட்டி வியர்த்தால் "அந்த வயசு" என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். மாதவிலக்கு நிற்கும் காலத்தில் வியர்ப்பது உண்மைதான், ஆனால் அதற்குப் பிறகு நமக்கும் அப்னியா வரும் வாய்ப்பு கூடுகிறது. பெண்களுக்குப் பெரிய குறட்டை இல்லாமலும் இருக்கலாம். காலைத் தலைவலி, தீராத அசதி, நடு இரவில் விழிப்பு என்று வரும். என் அக்கா ஒருத்தி ஐந்து வருடம் கணவரின் குறட்டையைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சோதனையில் அவளுக்கும் அப்னியா.

பழைய மெஷின் வாங்குகிறவர்களுக்கு

புது மெஷினுக்குச் சில ஆயிரம் வெள்ளி ஆகும், அதனால் கைமாற்றி வாங்கும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் முதல் தலைமுறை டிரீம்ஸ்டேஷன் உட்படப் பல மெஷின்களைத் திரும்ப அழைத்தது. உள்ளே சத்தத்தைக் குறைக்க வைத்த நுரைப்பஞ்சு உதிர்ந்து மூச்சுக் குழாய்க்குள் போகக்கூடும் என்பதுதான் காரணம். சூடும் ஈரமும் அந்தச் சிதைவை அதிகமாக்கும், நம் நாட்டில் இரண்டுக்கும் குறைவில்லை. மெஷினின் வரிசை எண்ணைப் பார்க்காமல், யாருடைய அழுத்தத்துக்கு அமைத்ததென்று தெரியாமல் எதையும் முகத்தில் மாட்டாதீர்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது வெறுங்கையோடு போவதும் தவறுதான். "வேர்க்குது டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு தேடுவார்? மெஷினில் இருக்கும் சிறிய கார்டு, சாப்பிடும் எல்லா மாத்திரைகளும் போட்ட பை, சர்க்கரை எழுதிய நோட்டு, மூன்றும் எங்கள் கையில் இருக்கும். கூடவே அடுப்படியில் மாட்டிய நாள்காட்டி. நனைந்த இரவுக்கு "ஈ", மாஸ்க்கைக் கழற்றிய இரவுக்கு "க" என்று காலையில் கோப்பி கலக்கும்போதே எழுதிவிடுவேன். போன மாதத் தாளில் "ஈ" இரண்டே இரண்டு இருந்தது. அதில் ஒன்று கரண்ட் போன இரவு.