கோதுமையை விட்ட பிறகும் வயிறு அடங்கவில்லையா?

சப்பாத்தியை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. பிரெட், பரோட்டா, பிஸ்கட் எதையும் தொடுவதில்லை. ஆனாலும் ஒரு நாள் உப்புசம், ஒரு நாள் மலச்சிக்கல், மறுநாள் பேதி. ‘குளூட்டன் இல்லாத சாப்பாடு நமக்கு ஒத்துவராது’ என்று பாதியில் விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். (குளூட்டன் என்பது கோதுமையிலும் பார்லியிலும் உள்ள ஒரு புரதம்.) பெரும்பாலும் கோதுமை போன இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்பதிலோ, அது எந்தப் பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறது என்பதிலோதான் சிக்கல் இருக்கும்.

எல்லாவற்றுக்கும் முந்திய தவறு, பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்துவது. குளூட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைப் புண்ணாக்கும் நோய்தான் சீலியாக். அதைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை, குளூட்டன் சாப்பிடுவதால் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. சில மாதங்கள் சாப்பிடாமல் இருந்தால் அந்த அளவு இறங்கிவிடும். நோய் இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வரலாம். அப்புறம் சந்தேகம் தீர, வயிறு நோக நோகக் குறைந்தது 6 வாரம் மறுபடியும் கோதுமை சாப்பிட வேண்டியிருக்கும். அந்தக் கொடுமை தேவையா?

அடுத்தது பின்வாசல். என் அக்கா மகளுக்குச் சீலியாக் என்று தெரிந்ததும் வீட்டிலிருந்த கோதுமை மாவு டப்பாவையே தூக்கிக் கொடுத்துவிட்டோம். ஆனாலும் அவளுக்கு வயிற்றுவலி நிற்கவில்லை. ஒரு நாள் ராகி அரைக்க மாவு மில்லுக்கு நானே போனேன். எங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்து முடித்தார். மில்காரர் குழாயில் கட்டியிருந்த துணியை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு எங்கள் ராகியைக் கொட்டினார். முதலில் விழுந்த மாவு வெளுப்பாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ராகி நிறத்துக்கு வந்தது. அப்போதுதான் உறைத்தது.

குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொருளை விற்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது நம் நாட்டு விதி. ஒரு டீஸ்பூன் கோதுமை மாவிலேயே 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும். ஒரு கிலோ ராகியில் அந்த ஒரு டீஸ்பூன் கலந்தாலே 10 மடங்கு தாண்டிவிட்டது. இப்போது எங்கள் வீட்டில் தானியத்தைக் கழுவிக் காயவைத்து மிக்ஸியிலேயே அரைத்துச் சலிக்கிறோம். சலிக்கும் சல்லடையும் புதிது.

இன்னொரு கள்ளன் பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கிறது. அரிசி மாவு சேர்த்ததும் கிடைக்கிறது. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்கவேண்டும். பெயரைப் பார்த்து ஏமாறுவதும் உண்டு. சம்பா கோதுமை பழைய ரகம்தான், ஆனால் கோதுமைதான். ரவை, சேமியா இரண்டும் கோதுமை. ‘ராகி சேமியா’ என்ற பாக்கெட்டில் ராகிக்குத் துணையாக மைதா இருக்கலாம். உடம்புக்குக் குளிர்ச்சி என்று குடிக்கும் பார்லிக் கஞ்சியிலும், மால்ட் சேர்த்த பானங்களிலும், சோயா சாஸிலும் இதே கதை.

சரி, எதுவும் உள்ளே வரவில்லை, ஆனாலும் மலச்சிக்கல் என்றால்? தட்டைப் பாருங்கள். 100 கிராம் முழுக்கோதுமை மாவில் ஏறக்குறைய 11 கிராம் நார்ச்சத்து. தீட்டிய வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. இரவு மூன்று சப்பாத்தி சாப்பிட்டவர் அதற்குப் பதில் மூன்று வேளையும் இட்லி, சோறு, இடியாப்பம் என்று மாறினால் குடல் வேறென்ன செய்யும்? இதற்குப் பயந்து மறுநாளே காலையில் கம்பங்கூழ், மதியம் வரகுச் சோறு, இரவு ராகி அடை என்று இறங்குவதும் தவறுதான். ஏற்கெனவே புண்பட்ட குடலில் நார்ச்சத்து ஒரேயடியாகப் போனால் வாயு, இரைச்சல், உப்புசம். முதல் வாரம் ஒரு வேளை மட்டும் சிறுதானியம், அதுவும் நன்றாக வெந்தது, கூடவே தண்ணீர் என்று மெல்ல ஏற்றுவதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது. கடையில் விற்கும் குளூட்டன் இல்லாத பிரெட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: விலை அதிகம், மாவுச்சத்தும் கோந்தும் அதிகம், சிலருக்கு அந்தக் கோந்தே உப்புசம் தரும்.

பலர் யோசிக்காதது பால். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி, சிறுகுடலின் உள்சுவரில் நுண்ணிய விரல்கள்போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளில் இருக்கிறது. சீலியாக் நோய் மழுங்கடிப்பது அந்த உறிஞ்சிகளைத்தான். அதனால் கோதுமையை விட்ட பிறகும் ஒரு டம்ளர் காபி வயிற்றைக் கலக்கலாம். கொஞ்ச நாள் பாலைக் குறைத்துவிட்டு, தயிர், மோர் தாங்குகிறதா என்று பார்க்கலாம். குடல் ஆறினால் பால் பெரும்பாலும் மறுபடி ஒத்துக்கொள்ளும். குழந்தைகளுக்குச் சீக்கிரம் ஆறும். பெரியவர்களுக்கு ஓரிரு வருடம்கூட ஆகலாம். இரண்டு வாரத்தில் எல்லாம் சரியாக வேண்டும் என்று நாள் எண்ணுவது வீண்.

ஆனால் எடை குறைந்துகொண்டே போனாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்குப் பேதி போனாலோ மருத்துவரிடம் போய்விடுங்கள். போகும்போது, கடைசி ஒரு வாரம் என்ன சாப்பிட்டீர்கள் என்று எழுதிய தாளோடு, சமையலறையிலுள்ள மசாலா, ரெடிமிக்ஸ் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.