முகாமுக்குப் பழைய துணி மூட்டையோடு போகாதீர்கள்

நாகாவதி அணை, பாம்பாறு அணை என்று நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கும் இலங்கைத் தமிழர் அகதி முகாம்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று கையில் ஐந்தாயிரம், பத்தாயிரம் வைத்திருப்பவர்களுக்கு இது.

முதலில் அனுமதி. நினைத்த நேரத்துக்கு முகாமுக்குள் நுழைய முடியாது, கியூ பிரிவு என்னும் மாநில உளவுப் போலீஸ் கவனிக்கும். யார் வருகிறோம், என்றைக்கு, எதற்கு என்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்துவிடுங்கள்.

நான் முதல்முறை போனபோது ஊரெல்லாம் சேர்த்த துணியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு அக்கா சிரித்துக்கொண்டே, "உடுப்பு கிடக்கு தம்பி, பிள்ளைக்கு செமஸ்டர் ஃபீஸ் கட்டத்தான் வழியில்லை" என்றார். அரசு 2021-ல் உயர்த்திய உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு மாதம் 1500, மற்ற பெரியவருக்கு 1000, சின்னப் பிள்ளைக்கு 500. அப்பா, அம்மா, இரண்டு சின்னப் பிள்ளை என்றால் 3500 ரூபாய். மிச்சத்தைப் பெயிண்டிங் கூலியில்தான் பார்க்க வேண்டும், மழை வந்தால் அதுவும் இல்லை. அதனால் என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். ஃபீஸ் என்றால் நேராகக் கல்லூரியில் கட்டி ரசீதைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

பணமே இல்லையா? ஒரு சனிக்கிழமையும் ஒரு பிரிண்டரும் போதும், அவர்கள் காகிதங்களைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை, ஆகவே இவர்களுக்குக் கவசம் என்பது பதிவு செய்த காகிதம்தான். 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்று வழக்குப் போடக் கூடாது என்று 2025 செப்டம்பரில் மத்திய அரசு விலக்கு அளித்ததும் அந்தப் பதிவை வைத்துத்தான். முகாம் அடையாள அட்டை, பிறப்புச் சான்று, மார்க் ஷீட் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள், ஒன்றில் அப்பா பெயரின் முதலெழுத்து மாறியிருக்கும், இன்னொன்றில் ஒரு 'h' கூடுதலாக இருக்கும், அதுதான் பின்னால் கழுத்தைப் பிடிக்கும். ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஒரிஜினலை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போடவே போடாதீர்கள்.

குடியுரிமை வாங்கித் தருகிறேன் என்று மட்டும் வாய்விடாதீர்கள், 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் சொல்லும் நாடுகளில் இலங்கை இல்லை. சட்டச் சிக்கல் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, பெண்களுக்கு இலவசம். இலங்கைக்கே திரும்ப நினைப்பவர்களை, ஐ.நா. அகதிகள் அமைப்பு இப்போது அதற்கு உதவுகிறதா என்று முதலில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி நோட்டுப்புத்தகத்தோடு போட்டோ எடுக்கும் வேலை வேண்டாம்.