வினைக் கணக்கும் வாயுக் கணக்கும் ஒரே அட்டவணையில்

பிளஸ் ஒன் வேதியியலில் வேதிக் கணக்கீடுகள் முதல் பாடம். வாயு நிலைமை அதற்கு வெகுதூரம் தள்ளி வருகிறது. அதனால் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் முதலாவதற்கு ஒரு நோட்டும் இரண்டாவதற்கு வேறொரு சூத்திரப் பட்டியலும் வைத்திருக்கிறார்கள். பட்டியலை மூடிவைக்கச் சொல்லிவிட்டு, இந்தக் கணக்கைத்தான் முதலில் கொடுப்பேன்.

மூடிய கலன் ஒன்றில் 28 கிராம் நைட்ரஜனும் 4 கிராம் ஹைட்ரஜனும் உள்ளன. மொத்த அழுத்தம் 9 அட்மாஸ்பியர். வினை முழுமையாக நடந்து அம்மோனியா உருவாகிறது. கலன் பழைய வெப்பநிலைக்குத் திரும்புகிறது. இப்போது ஒவ்வொரு வாயுவின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு, என்ன? (தொழிற்சாலையில் இந்த வினை முழுமையாக முடிவதில்லை, சமநிலையில் நின்றுவிடும். வினாத்தாளே 'முழுமையாக' என்று சொல்லிவிட்டால் நமக்கென்ன வழக்கு!)

கிராமைப் பார்த்ததும் அதை மோலார் நிறையால் (ஒரு மோலின் கிராம் எடை) வகுத்து மோலாக்கிவிடுங்கள். நைட்ரஜன் வாயுவுக்கு மோலார் நிறை 28, ஹைட்ரஜனுக்கு 2. அணு நிறையான 14-ஐயும் 1-ஐயும் போட்டு வகுப்பவர்கள் இங்கேயே வழி தவறுகிறார்கள். நமக்குக் கிடைப்பது 1 மோல் நைட்ரஜன், 2 மோல் ஹைட்ரஜன்.

சமன்பாட்டில் 1 நைட்ரஜனுக்கு 3 ஹைட்ரஜன் சேர்ந்து 2 அம்மோனியா தருகின்றன. ஒவ்வொன்றின் மோலையும் அதன் கெழுவால் (சமன்பாட்டில் அதன் முன் உள்ள எண்) வகுத்தால் நைட்ரஜனுக்கு 1, ஹைட்ரஜனுக்கு 2/3. சிறியது எதுவோ அதுவே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருள். எடையில் குறைந்தது எது என்று பார்க்கக் கூடாது. இங்கே இரண்டும் ஒத்துப்போவது தற்செயல். இனி மூன்று வரி:

முன்: நைட்ரஜன் 1, ஹைட்ரஜன் 2, அம்மோனியா 0
மாற்றம்: −2/3, −2, +4/3
பின்: 1/3, 0, 4/3

நடு வரி மட்டுமே சமன்பாட்டின் விகிதத்துக்குக் கட்டுப்பட்டது. முதல் வரியில் அந்த விகிதத்தைத் திணிக்காதீர்கள். சரிபார்க்க நிறையைக் கூட்டுங்கள்: 9.33 கிராம் நைட்ரஜன், 22.67 கிராம் அம்மோனியா. மொத்தம் 32, தொடங்கியதும் 32.

இனி அழுத்தம். இங்கேதான் பலர் வாயு மாறிலியை (PV = nRT சூத்திரத்தின் R) தேடி ஓடுகிறார்கள். தேவையே இல்லை. கலனும் வெப்பநிலையும் மாறவில்லை. 3 மோலுக்கு 9 அட்மாஸ்பியர் என்றால் மோலுக்கு 3. எனவே நைட்ரஜன் 1 அட்மாஸ்பியர், அம்மோனியா 4, மொத்தம் 5. ஜான் டால்டன் 1801இல் கண்டது இதைத்தான்: கலவையில் ஒவ்வொரு வாயுவும் தான் மட்டும் கலனில் இருப்பதுபோலவே அழுத்தம் தருகிறது.

கன அளவு கொடுத்தால்தான் மாறிலி வேண்டும். அட்மாஸ்பியரும் லிட்டரும் என்றால் 0.0821, பார் என்றால் 0.0831, வெப்பநிலை கெல்வினில். 22.4 லிட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸ், 1 அட்மாஸ்பியருக்கு மட்டுமே உரியது. 25 டிகிரியில் ஒரு மோல் ஏறக்குறைய 24.5 லிட்டர்.

நீருக்கு மேல் சேகரித்த வாயு என்று கணக்கில் வந்தால், அதுவும் ஒரு கலவையே, நீராவி கலந்திருக்கிறது. பொட்டாசியம் குளோரேட்டைச் சூடாக்கி, 25 டிகிரியில், 760 மி.மீ. (பாதரச அளவு) மொத்த அழுத்தத்தில், 500 மி.லி. ஆக்சிஜனை இப்படிப் பிடித்தால், நீராவியின் 23.8 மி.மீ.ஐக் கழித்து 736.2 எடுக்க வேண்டும். ஆக்சிஜன் 0.0198 மோல். 3 மோல் ஆக்சிஜனுக்கு 2 மோல் குளோரேட் என்பதால் சிதைந்தது 0.0132 மோல், அதாவது 1.62 கிராம். கழிக்காமல் போட்டால் 1.67 வரும். நீட் போன்ற தேர்வில் அந்த 1.67-உம் நான்கு விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கலாம்.