டீசல் ஜெனரேட்டரைச் சாண எரிவாயுவுக்கு மாற்றுவது எப்படி

உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி பக்கம் பெரிய அளவில் பால் மாடு வைத்திருப்பவர்களிடம் கரண்ட் போனால் ஓட்ட ஒரு டீசல் செட் இருக்கும், கொட்டகைக்குப் பின்னால் சாணமும் குவிந்து கிடக்கும். சாண எரிவாயுக் கலன் கட்டி, அதில் வரும் வாயுவை டீசல் செட்டுக்குக் கொடுத்து இரண்டையும் சேர்த்துவிடலாம், என்ஜினைப் பிரிக்கக்கூட வேண்டாம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 25 கிலோ சாணத்துக்குச் சுமார் 1 கன மீட்டர் வாயு, அதிலிருந்து 1.5 முதல் 2 யூனிட் மின்சாரம். தினமும் 10 கிலோவாட் லோடை 3 மணி நேரம் ஓட்ட 30 யூனிட் வேண்டும், அதற்கு 400 முதல் 500 கிலோ சாணம், அதாவது கட்டுத்தரையிலேயே நிற்கிற 35, 40 மாடுகள். மேய்ச்சலுக்குப் போகிற மாட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், பாதிச் சாணம் காட்டிலேயே போய்விடும். பத்து மாடுதான் இருக்கிறது என்றால் வாயுவை அடுப்புக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

என்ஜின் வேலை சின்னதுதான். டீசல் என்ஜினுக்குள் எழும் அழுத்தச் சூட்டில் இந்த வாயு தானாகப் பற்றாது, பற்றவைக்கக் கொஞ்சம் டீசல் எப்போதும் வேண்டும். அதனால் ஏர் ஃபில்டருக்கும் என்ஜினுக்கும் நடுவில் உள்ள காற்றுக் குழாயில் ஒரு டீ இணைப்பு போட்டு, வால்வு வைத்து, வாயுவை அங்கே விடுங்கள். டீசலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் லோடு கொடுத்து, அப்புறம் வால்வை மெதுவாகத் திறந்தால், வேகத்தைச் சீராக வைக்கிற கவர்னரே டீசலைக் குறைத்துக்கொள்ளும். என்ஜின் சத்தம் தடுமாற ஆரம்பித்தால் கொஞ்சம் மூடிவிடுங்கள். நல்ல லோடில் 70 முதல் 80 சதவீதம் டீசல் மிச்சமாகும். லோடு பாதிக்கும் கீழே போனால் வாயு சரியாக எரியாமல் புகைக்குழாய் வழியே வீணாகும். நிறுத்தும்போது வாயுவை முதலில் மூட வேண்டும்.

ஸ்பார்க் பிளக் போட்டு முழுக்க வாயுவுக்கே மாற்றவும் முடியும், ஆனால் கம்ப்ரஷனைக் குறைக்க வேண்டியிருக்கும், பிறகு டீசலில் ஓடாது. வாயு தீர்ந்த நாளிலும் பால் குளிர்விக்க வேண்டுமே, அதனால் நான் அதைச் சொல்ல மாட்டேன். எலக்ட்ரானிக் கட்டுப்பாடு உள்ள புது செட்டில் ஊர் மெக்கானிக்கைக் கை வைக்க விடாதீர்கள்.

இனி எல்லோரும் தட்டிக்கழிக்கிற வேலை, வாயுவைச் சுத்தம் செய்வது. செட்டின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே, அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. எரிந்ததும் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, ஆயிலைக் கெடுத்து, பேரிங்கைத் தின்றுவிடும். கப்பலூர் சிட்கோ பக்கம் ஏதாவது லேத் பட்டறையில் இரும்புச் சுருளை மூட்டையாக வாங்கி, எண்ணெய் போகச் சோப்பு போட்டுக் கழுவி, தண்ணீர் தெளித்துத் துருப்பிடிக்க விடுங்கள். அதை ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் நிரப்பி, வாயு அடியில் நுழைந்து மேலே வெளியேறும்படி செய்யுங்கள். துரு சல்ஃபைடைப் பிடித்துக்கொண்டு கறுத்துப்போகும். கறுத்ததை வெளியே எடுத்துக் காற்றாடப் பரப்பினால் மறுபடி துருவாகும், சில தடவை இப்படிப் பயன்படுத்தலாம். ஆனால் பரப்பும்போது அது சூடேறும், தீயே பிடிக்கலாம், தண்ணீர் தெளித்துக்கொண்டே இருங்கள், வைக்கோல் படப்புப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. இரண்டு டிரம் வைத்தால் வேலை நிற்காது. சல்ஃபைடு பட்டால் நிறம் மாறுகிற லெட் அசிடேட் தாளை, டிரம்மிலிருந்து வெளிவரும் வாயுவில் காட்டிப் பாருங்கள், பழுப்பாக மாறினால் டிரம்மை மாற்றும் நேரம்.

வாயுவோடு ஈரமும் வரும், குழாயின் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு வைத்துக் காலையில் திறந்துவிடுங்கள். என்ஜினுக்கு முன்னால், தீ குழாய் வழியே பின்னோக்கிப் பாயாமல் தடுக்கிற தீத்தடுப்பான் கட்டாயம். இந்த வாயுவில் எரிகிற பொருளான மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் வெடிக்கும், அதனால் செட் நிற்கிற கொட்டகை மேலே திறந்திருக்கட்டும். சல்ஃபைடு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, நாற்றம் இல்லை என்று நம்பிச் சாணக் குழிக்குள் யாரையும் இறக்காதீர்கள், அடைப்பு எடுக்கக்கூட.

ஆயிலை கம்பெனி சொன்னதில் பாதி நேரத்திலேயே மாற்றிவிடுங்கள்.