மலாய் கம்பத்து (கிராமத்து) வீட்டுக்கு விருந்தாளியாகப் போகிறீர்களா?

நோன்புப் பெருநாளுக்குப் பழைய பலகை வீட்டில் அழைத்திருந்தால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: தரையின் உயரத்தைப் பார்த்து நடங்கள். மலாக்காவில் மலாய்க்காரர்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவள் சொல்கிறேன்.

கம்பத்தில் பெரும்பாலும் வேலி இருக்காது. அதற்காக நேரே போய்க் கதவைத் தட்டக்கூடாது. கூட்டிப் பெருக்கிய முற்றத்திலேயே நின்று, "மக்சிக், ஓ மக்சிக்!" (அத்தை, ஓ அத்தை!) என்று கூப்பிடுங்கள். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையா, திரும்பிவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

படியடியில் தண்ணீர்த் தாழி இருந்தால் அது கால் கழுவத்தான். செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு ஏறுங்கள். முதலில் வருவது செரம்பி, நம் திண்ணை மாதிரி. வெளி ஆண்களுக்கான இடம் அது. உள்ளே ருமா இபு எனும் முக்கிய வீட்டுப் பகுதியின் தரை அதைவிடச் சற்று உயர்ந்திருக்கும். அதுதான் குடும்பத்தின் இடம். வீடு கட்டும்போது முதலில் நட்ட தியாங் செரி எனும் முதன்மைத் தூணும் அங்கேதான். நடுவில் கதவு திறந்தே கிடந்தாலும், "உள்ளே வாங்க" என்று சொல்லும்வரை அந்த உயரத்தில் கால் வைக்காதீர்கள். புதிதாகப் போகிறவர்கள் குடும்பப் படம் பார்க்கிறேன் என்று நேரே உள்ளே நுழைந்துவிடுவார்கள். பார்க்கிற எனக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

பாயில் ஆண்கள் சம்மணமிடலாம். பெண்கள் காலை ஒரு பக்கம் மடித்து உட்கார்வார்கள். யார் பக்கமும் காலை நீட்ட வேண்டாம். உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் முன்னால் போக வேண்டுமென்றால் குனிந்து, வலது கையைக் கீழே தாழ்த்திக்கொண்டு போங்கள். தலையணை மேல் உட்காராதீர்கள், பிட்டத்தில் கட்டி வரும் என்பார்கள்!

பெண்களுக்கு ஒரு சலுகை உண்டு. வீட்டாருடன் பழக்கம் இருந்தால் பின்படி வழியாக நேரே சமையலறைக்குப் போகலாம். அங்கே தரை மறுபடி தாழ்ந்திருக்கும். நான் எப்போதும் அந்த வழிதான். செரம்பியில் ஆண்கள் மரியாதையாக ரெண்டாங் (தேங்காய்ப் பாலில் வற்ற வைத்த இறைச்சி) சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். ஊர்க்கதை எல்லாம் சமையலறையில்தான் ஓடும். சும்மா உட்காராமல் வெங்காயம் உரிக்கவாவது கை கொடுங்கள்.

அழைக்க ஆளில்லாதவர்கள் மலாக்காவின் மெர்லிமாவ் பக்கம் போனால், பெங்ஹுலு (ஊர்த்தலைவர்) அப்துல் கனி 1894இல் கட்டிய வீட்டைப் பாருங்கள். வண்ண ஓடு பதித்த அந்த முன்படிக்கட்டை வெளியே நின்றே நன்றாகப் பார்க்கலாம்.